எண்ணிப் பார்த்த உழவர்கள்

நெல் தூரை இரு கைகளாலும் விலக்கி, தண்ணீருக்கு ஒரு விரல் மேலே உற்றுப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். அரிசி மணியைவிடச் சிறியது, பழுப்பு நிறம். கை நெருங்கினால் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபுறம் ஒளிந்துகொள்ளும். தமிழ்நாட்டு உழவர்கள் அதைப் புகையான் என்பார்கள். இலங்கையில் கபிலநிறத் தத்தி. பயிரின் சாற்றை உறிஞ்சி வாழும் இந்தப் பூச்சி பெருகிவிட்டால், பச்சை வயலுக்கு நடுவே வட்ட வட்டமாகப் பயிர் பழுத்துத் தீய்ந்துவிடும். இன்று ஒரு திட்டு, அடுத்த வாரம் பாதி வயல் என்று பரவும்.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இந்தப் பூச்சி ஒரு நாட்டின் உணவுத் திட்டத்தையே ஆட்டிவைத்தது. அதை அடக்க எடுத்த முயற்சியில்தான் வயல்வெளிப் பள்ளி என்ற முறை பிறந்தது. ஆய்வு செய்வது விஞ்ஞானி, கேட்டு நடப்பது உழவர் என்றிருந்த ஏற்பாட்டை அது மாற்றியது. இன்று 90க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கோடிக்கும் அதிகமான உழவர்கள் அந்தப் பள்ளிகளில் படித்திருக்கிறார்கள். உழவர்மேல் கொண்ட இரக்கத்தால் மட்டும் அந்த மாற்றம் வந்துவிடவில்லை. நெல்வயலின் இயல்பே அதைக் கேட்டது.

மருந்து வளர்த்த பூச்சி

1970களின் இறுதியில் உலகிலேயே மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடு இந்தோனேசியா. குட்டை ரக நெல், ரசாயன உரம், பாசன வசதி, பூச்சிமருந்து ஆகியவற்றை அரசு ஒரே தொகுப்பாக உழவர்களிடம் கொண்டுசேர்த்தது. பூச்சிமருந்தின் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசே மானியமாக ஏற்றது. அதற்கான செலவு ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டிய காலமும் உண்டு. 1984இல் நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அடுத்த ஆண்டே, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு ரோம் நகரில் அதிபர் சுகார்த்தோவைப் பாராட்டியது. அந்தப் பாராட்டின் ஈரம் காய்வதற்குள் ஜாவாவில் புகையான் கிளம்பியது.

மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி ஏன் பெருகுகிறது? விடை புகையானின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பெண் பூச்சி தன் முட்டைகளை இலை உறையைக் கீறி, அதன் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து வளர்ந்த பூச்சிகளைக் கொல்லும், முட்டைகளை எட்டாது. ஒரு பெண் சில நூறு முட்டைகள் வரை இடும். ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஒரு மாதம் போதும். முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது, அவற்றைத் தின்ன வேண்டிய சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் மருந்தில் செத்துப்போயிருக்கும். எதிரியே இல்லாத வயல், குடிக்க வேண்டிய மட்டும் சாறு. சில மருந்துகள் இன்னொரு கேடும் செய்கின்றன. கொல்லும் அளவுக்குக் குறைவாக உடலில் சேரும்போது அவை புகையானின் முட்டையிடும் திறனைக் கூட்டிவிடுகின்றன. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செல்லையா, ஹென்ரிக்ஸ் ஆகிய பூச்சியியலாளர்கள் இதை ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார்கள்.

எதிர்ப்புத்திறன் உள்ள நெல் ரகமும் நெடுநாள் காக்கவில்லை. 1973இல் வந்த ஐஆர்26 புகையானைத் தாங்கும் என்று பெயர் பெற்றது. சில பருவங்களிலேயே அந்த ரகத்திலும் சாறு உறிஞ்சப் பழகிய புகையான் கூட்டங்கள் தோன்றின. எனவே 1976இல் ஐஆர்36 வெளியிடப்பட்டது.

அதே நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில்தான் பீட்டர் கென்மோர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் தன் முனைவர் பட்ட ஆய்வைச் செய்தார். அவர் எண்ணிப் பார்த்தபோது, மருந்து தெளித்த வயல்களில் புகையான் பல நூறு மடங்கு பெருகியது. தெளிக்காத வயல்களில் சிலந்தியும் பிற இரைவிழுங்கிகளும் அதை அடக்கியே வைத்திருந்தன. இந்தச் சான்றுகளை இந்தோனேசிய அரசின் முன் வைத்தவர்களில் கென்மோரும், அந்நாட்டுப் பூச்சியியலாளர் இடா நியோமன் ஓகாவும் முக்கியமானவர்கள். 1986 நவம்பரில் அதிபர் ஆணை பிறப்பித்தார்: நெல்லுக்கு அடித்துவந்த 57 பூச்சிமருந்துகளுக்குத் தடை. மானியம் படிப்படியாகக் குறைந்து 1989இல் முழுவதும் நின்றது.

ஆணையால் முடிந்தது அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் தன் வயலில் பூச்சியைப் பார்க்கும் உழவர் என்ன செய்வார்? எத்தனை புகையான் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது, அருகே எத்தனை சிலந்திகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பயிரின் வயது, தண்ணீர் நிற்கும் அளவு, போட்ட யூரியா, பக்கத்து வயலில் எப்போது நட்டார்கள் என்பது, எல்லாமே கணக்கில் வரும். இந்த விடை வயலுக்கு வயல் மாறும். ஒரே வயலில் வாரத்துக்கு வாரம் மாறும். தலைநகர் ஜகார்த்தாவிலிருந்து சுற்றறிக்கையாக அனுப்பக்கூடிய விடை இதில்லை. அந்த வயலின் வரப்பில் நிற்பவர் மட்டுமே இதைக் கண்டுபிடிக்க முடியும். ஆகவே அவர் ஆய்வாளர் ஆகத்தான் வேண்டும்.

வாரம் ஒரு காலை

1989இல் மத்திய ஜாவாவிலும் யோக்யகர்த்தாவிலும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஒரு பள்ளியில் ஏறத்தாழ 25 உழவர்கள். நடவிலிருந்து அறுவடை வரை வாரம் ஒரு காலை கூடுவார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் பலர் வேளாண் துறையின் பூச்சிக் கண்காணிப்பாளர்கள். அவர்களும் முதலில் தாங்களே நாற்றுவிட்டு, நட்டு, ஒரு முழுப் பருவம் நெல் வளர்த்துப் பயின்ற பிறகே இந்தப் பணிக்கு வந்தார்கள்.

பயிற்சி வயல் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதியில் ஊர் வழக்கப்படி சாகுபடி. மறு பாதியில் அந்த வாரம் பார்த்ததை வைத்து முடிவெடுக்கும் சாகுபடி. காலையில் உழவர்கள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குவார்கள். ஒவ்வொரு குழுவும் அங்கங்கே சில குத்துகளைத் தேர்ந்து, தூர்களை எண்ணி, பயிரின் உயரத்தை அளந்து, தென்படும் ஒவ்வொரு பூச்சியையும் சிலந்தியையும் குறித்துக்கொள்ளும். பெயர் தெரியாதவை பிளாஸ்டிக் பைக்குள் போகும்.

பிறகு நிழலில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் மெழுகுக் கலர் பென்சிலால் வரைவார்கள். நடுவில் ஒரு நெற்குத்து: எத்தனை தூர், எத்தனை இலை, எவ்வளவு பச்சை, எல்லாம் பார்த்தபடியே. ஒரு பக்கம் பயிரைத் தின்பவை, மறு பக்கம் அவற்றைத் தின்பவை, ஒவ்வொன்றுக்கும் அருகே எண்ணிக்கை. மேலே வெயிலா மேகமா, கீழே தண்ணீர் எவ்வளவு. எழுத்தறியாதவரும் இதில் முழுப் பங்கு எடுக்கலாம். படம் முடிந்ததும் கேள்வி எழும்: இந்த வாரம் என்ன செய்யலாம்? தண்ணீரை வடிக்கலாமா, களை எடுக்கலாமா, சும்மா விடலாமா? குழுவில் ஒருவர் எழுந்து முடிவைச் சொல்வார். மற்றக் குழுக்கள் குறுக்குக் கேள்வி கேட்கும்.

பயிற்சியாளர் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. உழவர் பையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன பூச்சி, ஐயா?" என்று கேட்டால் அவர் உடனே பெயரைச் சொல்லிவிட மாட்டார். "எங்கே பிடித்தீர்கள்? அப்போது அது என்ன செய்துகொண்டிருந்தது? பக்கத்தில் வேறு என்ன இருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். பெயர் கிடைத்துவிட்டால் பார்ப்பது நின்றுவிடும். அது எதைத் தின்கிறது, எது அதைத் தின்கிறது என்பதுதான் உழவருக்கு வேண்டிய செய்தி. அதை அவரே கண்டுபிடிக்க முடியும்.

கூண்டுக்குள் ஒரு சிலந்தி

கண்டுபிடிக்கும் வழி எளிது. தொட்டியில் ஒரு நெற்குத்தை நட்டு, சுற்றிலும் கொசுவலைத் துணியால் கூண்டு கட்டுவார்கள். உள்ளே எண்ணி இத்தனை புகையான், கூடவே ஓர் ஓநாய்ச் சிலந்தி. சிலந்தி இல்லாத இன்னொரு கூண்டும் பக்கத்தில் இருக்கும். மறுநாள் திறந்து எண்ணுவார்கள். இதற்குப் பூச்சிக் காட்சிசாலை என்று பெயர்.

ஓநாய்ச் சிலந்தி வலை பின்னிக் காத்திருப்பதில்லை. தூர்களுக்கு இடையிலும் நீரின் மேற்பரப்பிலும் ஓடி வேட்டையாடும். ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். பெண் சிலந்தி முட்டைப் பையைத் தன் வயிற்றின் பின்முனையில் ஒட்டிக்கொண்டே திரியும். குஞ்சுகள் பொரிந்ததும் அறுபது, எண்பது குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சுமக்கும். அதே வயலில் சிறு பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சி ஒன்று உண்டு. மருந்து எட்டாத இலை உறைக்குள் தன் ஊசி வாயைச் செருகிப் புகையான் முட்டையை உறிஞ்சுவது அதுதான். நாளுக்கு ஏழு, எட்டு, பத்து முட்டைகள். தண்ணீரில் தவறி விழும் புகையான் குஞ்சுகளை நீர்மேல் ஓடும் சிறு பூச்சிகள் மொய்த்துத் தின்றுவிடும்.

பல ஆண்டுகளாக வயலில் அசையும் எதையும் பயிரின் பகை என்று எண்ணி மருந்து அடித்தவர், கூலி வாங்காமல் இத்தனை காவலாளிகள் தன் வயலில் குடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறார். துண்டறிக்கையில் ஆயிரம் முறை அச்சிட்டாலும் கிடைக்காத உறுதி அந்தக் கூண்டிலிருந்து கிடைக்கிறது. ஏனென்றால் எண்ணியது அவர்.

இன்னொரு சோதனை பயத்தைப் போக்குவதற்கானது. இலைச்சுருட்டுப் புழு தின்ற இலையைப் பார்த்தால் மனம் பதறும். இலையை இழந்தால் விளைச்சல் உண்மையிலேயே குறையுமா? உழவர்கள் கத்தரிக்கோலை எடுத்து, ஒரு பாத்தியில் இலைகளில் கால் பங்கையும் இன்னொன்றில் பாதியையும் தாங்களே வெட்டிவிடுவார்கள், மூன்றாவதைத் தொடமாட்டார்கள். அறுவடை வரை காத்திருந்து நெல்லை எடைபோடுவார்கள். தூர்கட்டும் பருவத்தில் இழந்த இலையை நெற்பயிர் புதிய இலைகளாலும் தூர்களாலும் பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும். அதே சேதம் கதிர் வரும் நேரத்தில் நேர்ந்தால் கதை வேறு. இந்த வேறுபாடு தெரிந்தவர் எப்போது பொறுக்கலாம், எப்போது பொறுக்கக் கூடாது என்று தானே சொல்லிவிடுவார்.

வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் இதே சோதனை எளிய வடிவில் பரவியது. ஹியோங் என்ற மலேசியப் பூச்சியியலாளரும், மோனினா எஸ்கலாடா என்ற பிலிப்பைன்ஸ் நாட்டுத் தகவல்தொடர்பு ஆய்வாளரும் உழவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் வயலின் ஒரு மூலையில் மட்டும் முதல் நாற்பது நாட்கள் மருந்து அடிக்காமல் விட்டுப் பாருங்கள். 1994இல் லாங் அன் மாகாணத்தில் தொடங்கிய இந்த அழைப்பை வானொலி நாடகங்களும் கொண்டுசென்றன. பலர் முயன்று பார்த்தார்கள், விளைச்சல் குறையவில்லை. அந்தப் பகுதியில் பூச்சிமருந்து தெளிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

சேற்றில் தொடங்கும் காவல்

உழவர் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் விஞ்ஞானமும் ஒரு புதிய உண்மையைக் கற்றது. பொதுவாக, முதலில் பயிர்ப்பூச்சி வரும், அதைத் தின்னப் பிறகு எதிரி வரும் என்றே நினைப்போம். இந்தோனேசியத் திட்டத்தில் பணியாற்றிய வில்லியம் செட்டிலும் அவருடைய குழுவினரும் ஜாவாவின் வயல்களில் பருவம் முழுவதும் பூச்சிகளை எண்ணினார்கள். நடவு முடிந்த முதல் வாரங்களில், புகையான் இன்னும் தலைகாட்டாத நேரத்திலேயே, சிலந்திகளும் பிற இரைவிழுங்கிகளும் வயலில் நிறைந்திருந்தன. அவை எதைத் தின்று உயிர் வாழ்ந்தன?

விடை சேற்றில் இருந்தது. உழுது மடக்கிய தாளும் தொழுவுரமும் தண்ணீருக்குள் மட்கும்போது நுண்ணுயிர்களும் பாசிகளும் பெருகுகின்றன. அவற்றைத் தின்று கடிக்காத சிறு ஈக்களும் கொசு போன்ற பூச்சிகளும் கோடிக்கணக்கில் பிறக்கின்றன. இவற்றால் பயிருக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் சிலந்திப் படைக்கு முதல் சோறு இவைதான். புகையான் வந்து சேரும்போது படை தயாராக நிற்கிறது. பருவத் தொடக்கத்தில் 'முன்னெச்சரிக்கையாக' அடிக்கும் மருந்து இந்தச் சங்கிலியின் அடிக்கண்ணியையே அறுத்துவிடுகிறது. 1996இல் வெளிவந்த இந்த ஆய்வு, வயலில் மண்ணின் வளமும் பூச்சிக் கட்டுப்பாடும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காட்டியது. தொழுவுரம் இட்டவர் தம் பயிருக்கு உணவிட்டதோடு, தம் காவலாளிகளுக்கும் உணவிட்டிருக்கிறார்.

உழவர் கேட்ட கேள்வி

பங்கேற்பு என்ற சொல்லை இன்று எல்லாத் திட்டங்களும் பயன்படுத்துகின்றன. அது உண்மையா என்று சோதிக்க ஒரு வழி உண்டு: கேள்வியை யார் கேட்டார்கள்?

மேற்கு ஜாவாவின் வடகரையில் 1990 வாக்கில் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் பெரும் சேதம் செய்தது. நடுக்குருத்து காய்ந்து, கதிர்கள் வெண்ணிறப் பதராய் நின்றன. புகையானுக்குக் கற்ற பாடம் இங்கே அப்படியே செல்லாது. புழு தண்டுக்குள் இருக்கிறது. இந்திரமாயு மாவட்டத்தில் வயல்வெளிப் பள்ளியில் படித்த உழவர்கள் தாங்களே ஆய்வில் இறங்கினார்கள். அறுத்த தாளைப் பிளந்து உள்ளே உறங்கும் புழுக்களைத் தேடினார்கள். விளக்குப் பொறி வைத்து இரவு தோறும் அந்துப்பூச்சிகளை எண்ணினார்கள். கோடை முழுவதும் தாளுக்குள் உறங்கும் புழு, முதல் நல்ல மழைக்குப் பிறகு விழித்து, சில வாரங்களில் அந்துப்பூச்சியாகப் பறக்கிறது என்று புரிந்தது. அந்தப் பறப்பு அடங்கிய பிறகு நாற்றங்கால் போட்டால், முட்டையிட இளநாற்று கிடைக்காமல் அந்துகள் மடிந்துபோகும். மீறி விழுந்த முட்டைக் குவியல்களைக் கையால் பொறுக்கினார்கள். இதில் தனி ஒருவர் எதுவும் செய்ய முடியாது. ஊரே ஒரே நாளைக் குறிக்க வேண்டும். ஆகவே பூச்சியைப் பற்றிய ஆய்வு ஊர்க்கூட்டமாகவும் வளர்ந்தது.

கணக்கின் மறுபக்கம்

இந்த முறையின் குறைகளையும் நேராகப் பார்க்க வேண்டும். உலக வங்கியைச் சேர்ந்த ஃபெடர், முர்காய், குவிசோன் ஆகியோர் இந்தோனேசியப் பள்ளிகளை ஆராய்ந்து 2004இல் எழுதியது கடுமையான முடிவு: படித்த உழவர்களிடம் விளைச்சலிலோ மருந்துச் செலவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை, அவர்களின் அறிவு அக்கம்பக்கத்தாருக்கும் பரவவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி வந்த ஒரு தொகுப்பு வேறு விதமாகச் சொன்னது. பள்ளியில் படித்தவர்களின் விளைச்சல் சராசரியாக ஏறத்தாழ 13 விழுக்காடு கூடியிருந்தது. ஆனால் அக்கம்பக்கத்துக்குப் பரவவில்லை என்பதை அதுவும் உறுதி செய்தது.

இந்தக் குறைபாடே ஒரு செய்தியைச் சொல்கிறது. ஒரு விதை நெல்லைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம். ஒரு பருவம் முழுக்கக் குனிந்து எண்ணியதால் வந்த தெளிவை அப்படிக் கொடுக்க முடியாது; அவரும் குனிந்து எண்ண வேண்டும். அதனால் இது செலவு பிடிக்கும் வேலை, தலைமுறைதோறும் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் ஜாவா காட்டிவிட்டது. திட்டத்துக்கான பணம் வற்றியது. மருந்துக் கடைகள் ஊர்தோறும் பெருகின. 2009 முதல் 2011 வரை புகையான் மீண்டும் பெரும் சேதம் விளைவித்தது.

ஆனாலும் விதைத்தது வீணாகவில்லை. அதே இந்திரமாயுவில் யுனிட்டா வினார்த்தோ என்ற மானிடவியலாளரும், கீஸ் ஸ்டிக்டர் என்ற வேளாண் வானிலை அறிஞரும் உழவர்களோடு சேர்ந்து அடுத்த கேள்வியைக் கையில் எடுத்தார்கள்: மழை. உழவர்கள் தங்கள் வயலிலேயே மழைமானி நட்டு, நாள்தோறும் காலையில் அளந்து எழுதுகிறார்கள். பயிரில் கண்ட மாற்றங்களையும் உடன் குறிக்கிறார்கள். மாதம் ஒருமுறை கூடி ஒப்பிடுகிறார்கள். வானிலை அறிஞர்கள் வரும் மாதங்களுக்கான எதிர்பார்ப்பைத் தருகிறார்கள். பருவமழை நாள் தவறும் காலத்தில், எப்போது நாற்று விடுவது, என்ன ரகம் போடுவது என்ற முடிவுக்கு ஊரின் சராசரி மழை உதவாது. தன் வயலில் பெய்தது எவ்வளவு என்பதே உதவும்.

தமிழ்நாட்டிலும் வேளாண் துறை உழவர் வயல்வெளிப் பள்ளிகளை நடத்துகிறது. புகையான் இங்கும் அதே புகையான்தான். எந்த ஊரில் நடந்தாலும் ஒரு பள்ளி உண்மையான பள்ளியா என்று அறிய, பலகையில் எழுதிய பெயரையும் வந்தவர்களின் கையெழுத்தையும் பார்த்தால் போதாது. உழவர் வயலில் இறங்கினாரா, எண்ணினாரா, தான் எண்ணியதை வைத்துப் பயிற்சியாளரை எதிர்த்துக் கேட்டாரா என்று பார்க்க வேண்டும். நல்ல விதையையும் நல்ல கருவியையும் ஆராய்ச்சி நிலையங்கள் தரட்டும், அவை தேவை. ஆனால் வயலின் கணக்கு ஒவ்வொரு வாரமும் மாறுகிறது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த உழவர்களுக்காகச் செலவிடும் பணம், பாசனக் கால்வாய்க்குச் செலவிடும் பணத்தைப் போலவே நாட்டின் உணவுக்கான முதலீடு. அரசின் வேளாண் திட்டங்களில் அதற்கு ஒரு நிலையான இடம் வேண்டும்.